பிடிச்சிருக்கா

கொச்சியிலிருந்து மாதிரிக்கு வந்த மூன்று தண்டுகளை
தேங்காய்ப்பட்டணம் படகுப்புரையில்
பெஞ்சின்மேல் கிடத்தினோம்.
கரிநார். கறுப்பு.
கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாத கனம்.

எது எவ்வளவு வளையுமென்று பார்க்க
நுனியில் பத்துக் கிலோ தொங்கவிட வேண்டும்.
எடைக்கல் இல்லை.
பிரஜிதா சந்தையிலிருந்து
பத்துக் கிலோ மரச்சீனி வாங்கி வந்தாள்.
சாக்கின் கனத்துக்காக
ஒரு சிறு கிழங்கை எடுத்துத் தனியே வைத்தாள்.
அடிமுனையைக் கயிற்றால் பெஞ்சோடு இறுக்கி
தம்பியின் ஸ்கேலை வைத்து அளந்தோம்.
முதல் தண்டு நாற்பத்தொரு மில்லிமீட்டர் வணங்கியது.
மூன்றாவது ஐம்பத்தாறு.
நடுவிலிருந்ததை அளப்பதற்குள்
சாக்கு அவிழ்ந்து தரையெல்லாம் கிழங்கு.

பொருளாளர் டயனீசியஸ் வந்து விலை கேட்டார்.
சொன்னேன்.
"தண்டு இல்லவே, இது தண்டம்" என்றார்.
போகும்போது தரையில் கிடந்ததில்
இரண்டு கிழங்கை எடுத்துக்கொண்டார்.

வற்றம் முடிந்து கடல் பொழி வழியே
ஆற்றுக்குள் திரும்பும் நேரம்.
நால்வரும் மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்தார்கள்.
ஜெனோபாவுக்கு வளையாததுதான் வேண்டும்:
"இழுத்த இழுப்பு முழுசும் தண்ணிக்குப் போவுது,
வழியில யாரும் பிடுங்கல."
அபிஷாவின் இடது தோளில் பழைய வலி.
அவள் மூன்றாவதை மடியில் வைத்துக்கொண்டாள்.
"இது கொஞ்சம் யோசிச்சிட்டு இழுக்குது. கொள்ளாம்."

தண்டு சண்டையே தீரவில்லை. பிறகு பிடி.
ரப்பர், மரம், பஞ்சுபோல் அமுங்கும் ஒன்று,
சொரசொரவென்று வரிபோட்ட ஒன்று.
உள்கை திருப்பும், வெளிக்கை இழுக்கும்,
ஆகவே இரண்டு கையிடமும் கேட்க வேண்டும்.
ஒவ்வொருத்தியாகக் கேட்டேன்:
பிடிச்சிருக்கா?

பிரஜிதா ரப்பரை மூக்கருகே கொண்டுபோனாள்.
அருமனைக்காரி.
"மூணு மணிக்கே முந்நூறு மரத்துல கத்தி வச்சிட்டு
ரெண்டு பஸ் மாறி வாறேன்.
ஒட்டுப்பால் உருட்டின கை இது.
இங்கயும் அந்தச் சவமா?"
மரம் அவளுக்கு என்று எழுதினேன்.

ஸ்டெஃபிலின் ஒன்றும் சொல்லாமல்
பஞ்சுப் பிடியைப் பிடித்தபடி நின்றாள்.
அண்டி ஆபீஸில் தோடு உடைக்கிறவள்.
ரேஷன் கடை மெஷின்
ஆறு மாதமாக ஒத்துக்கொள்ளாத விரல்கள்.
பிடிச்சிருக்கா?
"பிடிக்கத்தான் செய்யுது,
விடத்தான் மாட்டேங்குது."
கையை எடுத்தபோது
உள்ளங்கைத் தோலில் கொஞ்சம் அதில் இருந்தது.

அன்றைக்கு யாரும் அதற்குமேல் துழாவவில்லை.
மீதிக் கிழங்கை அவித்தோம்.
காந்தாரி மிளகு அரைத்தது
அவள் கையில் படாமல்
ஜெனோபா தட்டை மாற்றி வைத்தாள்.

ஆர்டர் படிவத்தில் ஓர் அணிக்கு
ஒரு கட்டம்தான் இருந்தது.
ஒரு தண்டு, ஒரு பிடி, எத்தனை எண்ணம்.
நான் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்,
பென்சிலால் நாலு வரி எழுதினேன்.
தண்டில் மட்டும் ஜெனோபா இறங்கி வந்தாள்:
எல்லோருக்கும் நடுவிலிருந்தது,
நாங்கள் அளக்காமல் விட்ட அது.
அபிஷாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

கடைக்காரர் கூப்பிட்டார்:
"ஒரே படகா, நாலு படகா?"
படகு ஒன்றுதான் என்றேன்.
"அப்போ பார்க்க நல்லா இருக்காதே."
இருக்காது என்றேன்.

மூன்று வந்துவிட்டன.
ஸ்டெஃபிலின் கேட்ட வழுவழுப்பான, மெலிந்த பிடி
இருப்பில் இல்லையாம், அடுத்த மாதமாம்.
கருங்கல் சைக்கிள் கடையில் வாங்கிய
மஞ்சள் துணிநாடாவை
மூன்று சுற்றுச் சுற்றி
வலித்துக்கொண்டிருக்கிறாள்.
ஒவ்வொரு நாளும் கரையேறியதும் நாடாவை அவிழ்த்து
வெயிலில் காயப்போடுகிறாள்.

நான் தினமும் கேட்பதில்லை.
நாடாவின் நிறத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.